டரான்டுலா வளர்ப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒன்பது வருடமாக சென்னையில் ஒரு வாடகை வீட்டில் டரான்டுலா வளர்க்கிறேன். இப்போது மூன்று இருக்கின்றன. காஸ் சிலிண்டர் கொண்டு வருபவர் முதல் ஊரிலிருந்து வரும் பெரியம்மா வரை, ஹால் அலமாரியைப் பார்த்ததும் கேட்கும் கேள்விகள் அநேகமாக ஒன்றேதான். போன மாதம் என் அக்கா மகன் ப்ளஸ் டூ முடித்த கையோடு "மாமா, எனக்கும் ஒன்று வேண்டும்" என்று வந்து நின்றான். அவனை உட்கார வைத்துச் சொன்னதையும் மற்றவர்களுக்குச் சொல்லி வந்ததையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

டரான்டுலா என்றால் வீட்டுச் சுவரில் ஓடுமே பெரிய எட்டுக்கால் பூச்சி, அதுவா?

இல்லை. சுவரில் தட்டையாக ஒட்டிக்கொண்டு, விளக்கைப் போட்டதும் காலண்டருக்குப் பின்னால் ஓடி ஒளிவது ஹன்ட்ஸ்மேன் என்கிற வேறு வகை. சில சமயம் வயிற்றுக்கு அடியில் வெள்ளையாக, வட்டமாக ஒன்றைப் பிடித்துக்கொண்டு திரியும், அது அதன் முட்டைப்பை. கரப்பானைப் பிடித்துத் தின்கிற பிராணி, தயவுசெய்து விளக்குமாறால் அடிக்காதீர்கள்.

டரான்டுலா தெரபோசிடே என்ற தனிக் குடும்பம். உலகத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. கனமான உடம்பு, உடம்பெல்லாம் ரோமம், பற்கள் இரண்டும் இடுக்கி போலச் சேராமல் மேலிருந்து கீழாகக் குத்தும். காற்றில் வலை கட்டிப் பூச்சிக்குக் காத்திருக்காது, வளைக்குள்ளோ மரப்பொந்துக்குள்ளோ இருந்து பாய்ந்து பிடிக்கும். பெரியது என்றால் தென் அமெரிக்காவின் கோலியாத் சிலந்தி, கால்களை விரித்தால் சாப்பாட்டுத் தட்டு அளவு, கிட்டத்தட்ட 30 செ.மீ. வரும். பெயர் மட்டும் இத்தாலியின் தாரந்தோ ஊரிலிருந்து வந்தது. அங்கே அந்தப் பெயரில் அழைக்கப்பட்டது ஓநாய்ச் சிலந்தி என்கிற வேறொரு வகை, அமெரிக்காவுக்குப் போன ஐரோப்பியர்கள் அங்கே பார்த்த பெரிய ரோமச் சிலந்திகளுக்கும் அதே பெயரை வைத்துவிட்டார்கள்.

கடித்தால் செத்துவிடுவோமா?

டரான்டுலா கடித்து மனிதர் இறந்ததாக உறுதியான மருத்துவப் பதிவு கிடையாது. அதற்காக எல்லா டரான்டுலாவும் ஒன்றுதான் என்று நினைத்துவிடக் கூடாது, இங்கேதான் புதிதாக வருபவர்கள் தப்பு செய்கிறார்கள்.

அமெரிக்கக் கண்டங்களைச் சேர்ந்தவை ஒரு பக்கம். அவற்றின் விஷம் பொதுவாகக் குறைவு, கடித்தால் குளவி கொட்டியது போல வலித்து வீங்கி அடங்கிவிடும். ஆசியா, ஆப்பிரிக்காவைச் சேர்ந்தவை இன்னொரு பக்கம். இவை வேகமானவை, சட்டென்று கடிப்பவை, விஷமும் கடுமை. குறிப்பாக இந்தியாவிலும் இலங்கையிலும் மட்டுமே வாழும் பொசிலோதீரியா என்ற பேரினத்துச் சிலந்திகள் கடித்தால் தசைகள் இறுகிப் பிடித்துக்கொள்ளும், அந்தப் பிடிப்பு சிலருக்கு நாள்கணக்கிலும் சிலருக்கு வாரக்கணக்கிலும் விட்டுவிட்டு வந்திருக்கிறது. பாம்புக்கடிக்கு இருப்பது போல இதற்கென்று விஷமுறிவு மருந்து நம் ஆஸ்பத்திரிகளில் இல்லை, வலிக்கும் தசைப்பிடிப்புக்கும்தான் சிகிச்சை கொடுப்பார்கள். எதுவானாலும் மூச்சு வாங்கினாலோ முகம் வீங்கினாலோ தாமதிக்காமல் போய்விட வேண்டும், அது ஒவ்வாமை.

என்னை இதுவரை எதுவும் கடித்ததில்லை. நான் பெட்டிக்குள் கையை விடுவதில்லை, 30 செ.மீ. நீளமுள்ள இடுக்கியைத்தான் விடுகிறேன்.

கடியை விட அதன் ரோமம்தான் ஆபத்து என்கிறார்களே?

அமெரிக்க வகைகள் பலவற்றைப் பொறுத்தவரை உண்மைதான். பின்பகுதியில் இருக்கும் நுண்ணிய ரோமங்களைப் பின்னங்காலால் சரசரவென்று தேய்த்துப் பறக்கவிடும். கையில் பட்டால் கம்பளிப்பூச்சி பட்டது போல அரிக்கும். எனக்கு ஒரு தடவை மணிக்கட்டில் பட்டு நான்கு நாள் தூக்கத்திலும் சொறிந்துகொண்டிருந்தேன். பட்ட இடத்தைத் தேய்க்காமல் செல்லோடேப்பை ஒட்டி ஒட்டி எடுத்தால் ஓரளவு வந்துவிடும், அப்புறம் தண்ணீர் விட்டுக் கழுவலாம்.

கண்தான் முக்கியம். 2009-ல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் ஒருவர் மூன்று வாரமாகக் கண் சிவந்து, நீர் வடிந்து மருத்துவரிடம் வந்தார். பெரிதாக்கிப் பார்த்தபோது கருவிழிக்குள் முடி முடியாகக் குத்தி நின்றது. தொட்டியின் கண்ணாடியில் கறையைத் துடைத்துக்கொண்டிருந்தவர் திரும்பிப் பார்த்த நேரத்தில் அவருடைய சிலி நாட்டு டரான்டுலா ரோமத்தை வீசியிருந்தது. இடுக்கியால்கூட எடுக்க முடியாத அளவு சின்னவை. அதனால் பெட்டியைத் திறக்கும்போது கண்ணாடி போட்டுக்கொள்கிறேன், முகத்தை மேலே கொண்டுபோவதில்லை. முடித்ததும் கையைக் கழுவாமல் கண்ணைத் தொடுவதும் இல்லை.

இதெல்லாம் சட்டப்படி வளர்க்கலாமா?

இனத்தைப் பொறுத்தது. 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் 2022-ல் கொண்டுவந்த திருத்தம் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அழிவின் விளிம்பில் உள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு ஒப்பந்தமான சைட்டீஸின் பட்டியலில் உள்ளவற்றைத் திருத்தத்தில் நான்காவது அட்டவணையாகச் சேர்த்தார்கள். அதில் உள்ள உயிரினம் உயிரோடு உங்களிடம் இருந்தால் அரசிடம் பதிவு செய்தாக வேண்டும். இதற்கான விதிகள் 2024 பிப்ரவரியில் வந்தன, ஏற்கெனவே வைத்திருந்தவர்களுக்கு ஆறு மாத அவகாசம் கொடுத்தார்கள். இப்போது புதிதாக வாங்கினால் 30 நாளுக்குள் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிய வேண்டும். குட்டி போட்டாலும், செத்தாலும், இன்னொருவருக்குக் கொடுத்தாலும் அதையும் தெரிவிக்க வேண்டும்.

டரான்டுலாக்களில் மெக்சிகோவின் சிவப்பு முழங்கால் சிலந்தி அடங்கிய பிராக்கிபெல்மா பேரினமும் நம் பொசிலோதீரியா பேரினமும் சைட்டீஸின் இரண்டாம் பட்டியலில் இருக்கின்றன. பலரும் வளர்க்கும் கர்லி ஹேர் என்கிற சுருட்டை முடி டரான்டுலா முன்பு பிராக்கிபெல்மாவோடு சேர்த்து வகைப்படுத்தப்பட்டது, பிறகு வேறு பெயர் கொடுத்தார்கள். அதையும் பட்டியலில் இருப்பதாகவே எடுத்துக்கொண்டு நான் பதிவு செய்தேன், நீங்களும் அப்படிச் செய்வதுதான் நல்லது. விற்பவர் "இதுக்கெல்லாம் பேப்பர் வேண்டாம் ப்ரோ" என்றால் அவரிடம் வாங்காதீர்கள்.

வெளிநாட்டிலிருந்து தபாலில் வரவழைக்கும் யோசனை இருந்தால் விட்டுவிடுங்கள். 2021 ஜூலையில் போலந்திலிருந்து அருப்புக்கோட்டை முகவரிக்கு வந்த ஒரு பார்சலை சென்னை சுங்கத் துறையினர் பிரித்தார்கள். உள்ளே வெள்ளித்தாளும் பஞ்சும் சுற்றிய சின்னச் சின்ன குப்பிகளில் 107 சிலந்திகள், உயிரோடு. இறக்குமதி உரிமமும் இல்லை, சுகாதாரச் சான்றும் இல்லை, எல்லாவற்றையும் போலந்துக்கே திருப்பி அனுப்பினார்கள். மருந்துக் குப்பி அளவுள்ள இருட்டுக்குள் அவ்வளவு தூரம் வந்து, திரும்பவும் அவ்வளவு தூரம் போக வேண்டியதாயிற்று. அதில் எத்தனை பிழைத்திருக்கும் என்று நினைத்தாலே எனக்கு மனசு கேட்பதில்லை.

நம் ஊர்க் காட்டிலேயே டரான்டுலா இருக்கிறதாமே, பிடித்து வந்து வளர்க்கலாமா?

கூடாது. இந்தப் பக்கத்தில் நான் கெஞ்சிக் கேட்டுக்கொள்வது இது ஒன்றுதான்.

ராமேஸ்வரத்தில் ஒரு சிலந்தி இருக்கிறது. பொசிலோதீரியா ஹனுமவிலாசுமிகா என்று பெயர், 2004-ல்தான் அறிவியல் உலகத்துக்கே தெரிந்தது. அங்கிருக்கும் ஹனுமவிலாசம் கோயிலை வைத்துப் பெயரிட்டார்கள். புளிய மரம் மாதிரியான பழைய மரங்களின் பொந்துகளில் வாழ்கிறது. தோப்பை வெட்டினால் அதோடு அதன் வீடும் போயிற்று, அதனால் மிக அபாயமான நிலையில் உள்ள இனமாக வைத்திருக்கிறார்கள். பின்னாளில் கடலுக்கு அந்தப் பக்கம் மன்னாரிலும் இதைப் பார்த்திருக்கிறார்கள்.

இன்னொன்று ஆந்திரத்தில் இருக்கிறது. உடம்பெல்லாம் மயில்கழுத்து நீலமாக மின்னும் பொசிலோதீரியா மெட்டாலிகா. 1899-ல் பொக்காக் என்பவர் இதை விவரித்தார், அவருக்குக் கிடைத்தது குத்தி ஊரின் ரயில்வே மரக்கிடங்கில் பிடித்த ஒன்று. அதன் பிறகு நூறு வருடம் யார் கண்ணிலும் படவில்லை. 2001-ல் நந்தியாலுக்கும் கித்தலூருக்கும் இடைப்பட்ட காட்டில் திரும்பப் பார்த்தார்கள், மரக்கிடங்குக்கு அது ரயிலில் வந்த மரத்தோடு வந்திருக்க வேண்டும். அது வாழ்வதாகத் தெரிந்த காடு 100 சதுர கி.மீ.கூட இல்லை. ஆனால் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் வளர்ப்பவர்களின் அலமாரிகளில் இது சர்வசாதாரணம். இங்கிருந்து போனவற்றின் வழிவந்தவைதான் அவை எல்லாம்.

இலங்கையிலும் இப்படித்தான். மாங்குளம் பக்கத்தில் கிடைத்த பொசிலோதீரியா ராஜேய் 2012-ல் விவரிக்கப்பட்டது. காட்டுக்குள் ஆய்வாளர்களோடு கூடப்போய் உதவிய மைக்கேல் ராஜகுமார் புராஜா என்ற போலீஸ் அதிகாரியைக் கௌரவித்து வைத்தது அந்தப் பெயர். ஒரு பழைய ஆஸ்பத்திரிக் கட்டடத்துக்குள்ளும் அது தங்கியிருந்ததைப் பார்த்தார்கள், மரம் குறைந்தால் வேறு எங்கே போகும்.

ஒரு பெண் சிலந்தி பெரிதாகி முட்டையிடவே வருடங்கள் ஆகும். ஒரு பொந்திலிருந்து அதை எடுத்தால், அந்தப் பொந்து அதோடு காலி. பார்க்க ஆசை இருந்தால் பாருங்கள், தூரத்திலிருந்து படம் எடுங்கள், இடத்தின் பெயரைப் போட்டு இணையத்தில் ஏற்றாதீர்கள். பிடிப்பவர்களும் அதையெல்லாம் படிக்கிறார்கள்.

முதன்முதலில் எதை வளர்ப்பது?

கர்லி ஹேர். மத்திய அமெரிக்காவின் ஹோண்டுராஸ், நிகரகுவா பக்கத்துச் சிலந்தி, சுருட்டை முடி மாதிரி பழுப்பு ரோமம், நிதானமான சுபாவம், ஒழுங்காகச் சாப்பிடும், நம் தட்பவெப்பம் அதற்கு ஒத்துப்போகும். இங்கேயே இனப்பெருக்கம் செய்தவரிடம் வாங்குங்கள். டரான்டுலாக் குஞ்சுக்கு, வளர்ப்பவர்கள் மத்தியில் ஸ்லிங் என்று பெயர், மிளகு அளவில்கூட இருக்கும், அந்த அளவில் சாவதும் அதிகம். விரல்நுனி அளவு வளர்ந்ததாக வாங்கினால் மனக்கஷ்டம் குறைவு.

பெண் என்றால் 20 வருடம் தாராளமாக வாழும். அக்கா மகனிடம் இதைத்தான் சொன்னேன், இப்போது உனக்குப் பதினேழு, காலேஜ், வேலை, கல்யாணம், வீடு மாறுவது எல்லாம் முடிந்து முப்பத்தேழு ஆகும்போதும் அது பெட்டிக்குள் உன்னை நம்பி உட்கார்ந்திருக்கும். அவன் யோசிக்கிறேன் என்று போயிருக்கிறான். நல்ல பதில் என்றுதான் எனக்குப் பட்டது.

பெட்டிக்கு எவ்வளவு செலவாகும்?

ஸ்லிங்குக்கு ஹோட்டல் பார்சலில் வரும் மூடிபோட்ட சட்னி கப் போதும், குண்டூசியைச் சுட வைத்துப் பக்கத்தில் ஓட்டைகள் போட வேண்டும், அவ்வளவுதான். கொஞ்சம் வளர்ந்ததும் பெட்டிக்கடையில் முறுக்கு போட்டு வைக்கும் டப்பா. பெரிதானதும் அக்ரிலிக் பெட்டி செய்துகொள்ளலாம். கம்பி வலை மூடி வேண்டாம், அதன் கால் நகம் வலையில் மாட்டிக் கால் போய்விடும்.

தரைக்கு தேங்காய் நார்த்தூள். வெளிநாட்டில் வளர்ப்பவர்கள் காசு கொடுத்து வாங்கும் நார்த்தூளில் நிறைய இலங்கையிலிருந்தும் நம் பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்தும் போகிறது. நமக்கு நர்சரியிலேயே கட்டியாகக் கிடைக்கும், உரம் கலக்காததாகக் கேட்டு வாங்குங்கள். ஊறவைத்து, இரண்டு தண்ணீர் அலசி, கையில் அள்ளிப் பிழிந்தால் சொட்டாத பதத்துக்கு உலர்த்திப் போடுங்கள்.

பெட்டி பெரிதாக இருந்தால் சிலந்திக்குச் சந்தோஷம் என்று நினைத்து உயரமான மீன்தொட்டியில் விடுவதைப் பார்க்கிறேன். தரையில் வாழும் வகை கண்ணாடியில் ஏறி உயரத்திலிருந்து விழுந்தால் வயிறு கிழிந்து செத்துவிடும். தூளின் மேற்பரப்பிலிருந்து மூடி வரைக்குமான உயரம், கால் விரித்த அகலத்தைப் போல ஒன்றரை மடங்குக்கு மேல் வேண்டாம், அதனால் தூளை நன்றாக மேல் வரைக்கும் நிரப்பி விடுங்கள். ஒளிய ஒரு கொட்டாங்குச்சிப் பாதி, குடிக்க ஒரு சின்னத் தட்டில் தண்ணீர். மரத்தில் வாழும் வகைக்கு எல்லாம் தலைகீழ், உயரமான பெட்டியும் செங்குத்தாக ஒரு மரப்பட்டையும் வேண்டும்.

என்ன சாப்பிடும்? தினமும் போட வேண்டுமா?

வளர்ந்ததற்கு வாரத்துக்கோ பத்து நாளுக்கோ ஒரு தரம் போதும், குஞ்சுக்கு வாரம் இரண்டு தரம். சில்வண்டு (கிரிக்கெட் பூச்சி), தீனிக்கென்றே வளர்க்கும் டூபியா கரப்பான், அரவானா மீன் வளர்ப்பவர்கள் வாங்கும் மீல்வர்ம் புழு, சூப்பர்வர்ம் எல்லாம் ஆகும். நான் முட்டை அட்டைகளை ஒரு மூடிய டப்பாவில் அடுக்கி டூபியா வளர்க்கிறேன். வீட்டில் ஓடும் கரப்பானைப் பிடித்துப் போடாதீர்கள், அது எந்த வீட்டில் என்ன மருந்தைத் தின்றுவிட்டு வந்தது என்று யாருக்குத் தெரியும்.

மாதக்கணக்கில் சாப்பிடாமல் இருந்தால் பயப்பட வேண்டாம். சிலி நாட்டு வகை அரை வருடம்கூட விரதம் இருக்கும். வயிறு உருண்டையாக இருந்தால் சரி, சுருங்கிப் போனால்தான் கவலை. போட்ட பூச்சியைத் தொடாவிட்டால் மறுநாளே எடுத்துவிடுங்கள். தின்றால் சாற்றை உறிஞ்சிவிட்டு மிச்சத்தைச் சின்ன உருண்டையாகப் போட்டுவிடும், அதையும் எடுக்கணும், இல்லாவிட்டால் பூஞ்சை பிடிக்கும்.

சென்னை வெயிலைத் தாங்குமா?

24 முதல் 30 டிகிரி வரை அதற்கு நிம்மதி, அதற்கென்று ஹீட்டர், விளக்கு எதுவும் நம் ஊரில் தேவையில்லை. 35-ஐத் தாண்டினால்தான் சிரமம். மே மாதம் பெட்டிகளை ஜன்னல் பக்கத்திலிருந்து எடுத்து உள்ளறையில் தரையோடு வைத்துவிடுகிறேன், தண்ணீர்த் தட்டு எப்போதும் நிறைந்திருக்கும், தூளின் ஒரு மூலையை மட்டும் நனைத்து விடுவேன். ஏசி காற்று நேராகப் படக் கூடாது, உலர்த்திவிடும்.

வீட்டில் கொசு மருந்து, எறும்பு மருந்து போடலாமா?

வெயிலையும் விட நம் வீடுகளில் டரான்டுலாவைக் கொல்வது இதுதான்.

வளர்க்க ஆரம்பித்த இரண்டாவது வருடம், பக்கத்து ஃபிளாட்டில் கரப்பானுக்கு மருந்து அடித்தார்கள். எங்கள் ஜன்னல் திறந்திருந்தது, வாடை வந்தபோது நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மறுநாள் சாயங்காலம் பார்த்தால் பெட்டிக்குள் அது நடக்க முயன்று, எட்டுக் காலும் எட்டுத் திசைக்குப் போய், ஒன்றின் மேல் ஒன்று தடுக்கி, நடுங்கிக்கொண்டிருந்தது. புதுத் தூளுக்கு மாற்றினேன், மாடிக்குக் கொண்டுபோய்க் காற்றோட்டமாக வைத்தேன். இரண்டு ராத்திரி பக்கத்திலேயே இருந்தேன், மூன்றாம் நாள் காலை கால்களை உடம்புக்கு அடியில் மடித்துக் கிடந்தது. ஜன்னலைச் சாத்த எனக்கு ஒரு நிமிடம் ஆகியிருக்கும். அதை இன்றுவரை என்னால் மறக்க முடியவில்லை.

கொசுவத்தி, பிளக்கில் மாட்டும் திரவம், ஸ்ப்ரே, எறும்புச் சாக்பீஸ், நாய்க்கு உண்ணிக்காகத் தடவும் மருந்து, எல்லாமே பூச்சிகளின் நரம்பைத் தாக்குபவை, சிலந்தியையும் விடாது. நாய்க்கு மருந்து போட்ட கையோடு பெட்டியைத் தொடுவதுகூட வேண்டாம். எங்கள் வீட்டில் கொசுவலைதான். தெருவில் புகை மருந்து வண்டியின் சத்தம் கேட்டதும் ஜன்னலை எல்லாம் சாத்தி, பெட்டிகள் இருக்கும் அறைக் கதவின் அடியில் ஈரத்துணியைச் சுருட்டி வைக்கிறோம், இப்போது என் மனைவி எனக்கு முன்னால் ஓடுகிறாள். தீபாவளி அன்றும் அதே ஏற்பாடுதான், புகையோடு அதிர்வும் அதற்குத் தாங்காது, ரோமங்கள் வழியாக ஒவ்வொரு வெடியும் அதற்குத் தெரியும்.

எறும்புக்கு மருந்து போட முடியாதே, என்ன செய்வது? பாட்டி வீட்டில் பலகாரத் தூக்கைத் தண்ணீர்த் தட்டில் வைப்பார்களே, அதேதான். அலமாரியின் நான்கு காலும் நான்கு தண்ணீர்க் கிண்ணத்துக்குள் நிற்கின்றன. தின்ற மிச்சத்தை ராத்திரியோடு எடுத்துவிட வேண்டும், ஏனென்றால் சட்டை உரிக்கும்போது எறும்பு ஏறினால் சிலந்தியால் ஒன்றும் செய்ய முடியாது.

மல்லாந்து கிடக்கிறது, செத்துவிட்டதா?

தொடாதீர்கள்! அது சட்டை உரிக்கிறது. செத்த சிலந்தி பெரும்பாலும் குப்புறக் கிடக்கும், கால்கள் அடியில் மடங்கியிருக்கும். சிலந்திக்குக் காலை மடக்கத் தசை உண்டு, நீட்டுவதற்கு உடம்பின் திரவ அழுத்தம்தான், உயிர் போனால் அழுத்தம் போய் கால்கள் தாமாக மடங்கிவிடும்.

உரிப்பதற்கு முன் சில வாரம் சாப்பிடாது, வயிறு கறுத்துப் பளபளக்கும். அப்புறம் ஒரு நாள் தரையில் பட்டுநூலால் பாய் மாதிரி பின்னி, அதன் மேல் மல்லாந்து படுத்துக்கொள்ளும். என் பெரிய கர்லி ஹேர் கடைசியாக உரித்தது ராத்திரி பதினொன்றரைக்கு. விளக்கை அணைத்துவிட்டு, செல்போன் வெளிச்சத்தை சுவர் பக்கம் திருப்பி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் முதுகு ஓடு டப்பா மூடி மாதிரி ஒரு பக்கமாகத் திறந்தது. பிறகு ஒவ்வொரு காலாக, இறுக்கமான கையுறையிலிருந்து விரலை உருவுவது போல, கொஞ்சம் இழுக்கும், நிறுத்தும், திரும்ப இழுக்கும். எட்டுக் காலும் வெளியே வர இரண்டு மணி நேரம் ஆயிற்று. வந்தபோது பற்கள் வெள்ளை வெளேரென்று இருந்தன, பால் பல் மாதிரி. மறுநாள் சிவந்து, பத்து நாளில் கறுத்தன.

அந்தப் பற்கள் கறுக்கும் வரை பூச்சி போடக் கூடாது. மென்மையாக இருக்கும் நேரத்தில் ஒரு சில்வண்டே அதைக் கடித்துக் கொன்றுவிடும். தண்ணீர் மட்டும் இருக்கட்டும். உரித்த சட்டையை ஈரம் காய்வதற்குள் விரித்துப் பாருங்கள், உள்ளே நான்கு வெள்ளைப் பட்டைகள் தெரியும், அவை நுரையீரல்களின் உறை. மூச்சு விடும் இடத்தின் தோலைக்கூட உரித்துவிட்டுத்தான் எழுந்து உட்கார்ந்திருக்கிறது.

ஆணா பெண்ணா என்று எப்படித் தெரியும்?

அதே சட்டையில்தான், வயிற்றுப் பக்கத்து முன் நுரையீரல்கள் இரண்டுக்கும் நடுவில் பெண்ணுக்கு விந்துப்பை மடிப்பு தெரியும். வயதுக்கு வந்த ஆணின் முன்னங்காலில் பெரும்பாலான வகைகளில் கொக்கி இருக்கும். ஆண் கடைசிச் சட்டை உரித்த பிறகு ஒரு வருடம், கொஞ்சம் கூட இருந்தால் அதிகம்.

கையில் எடுத்துக் கொஞ்சலாமா? வளர்த்தவரைத் தெரியுமா?

தெரியாது. ஒன்பது வருடம் கழித்தும் என் வருகை அதற்கு ஒரு அதிர்வுதான். கையில் எடுத்தால் அது ரசிப்பதில்லை, பொறுத்துக்கொள்கிறது. பயந்து குதித்தால் மார்பு உயரத்திலிருந்து விழுந்தே செத்துவிடும். படம் எடுத்துப் போடுவதற்காகக் கையில் ஏற்றுபவர்கள் மேல் எனக்குக் கோபம் உண்டு, அதை மறைக்க மாட்டேன். மூன்று நாளாக அசையாமல் இருந்தது ராத்திரி எழுந்து தூளை வாயால் அள்ளி அள்ளி ஒரு மூலையில் கொட்டி வளை தோண்டுவதைப் பார்ப்பதுதான் இதில் கிடைப்பது. அது போதும் என்று தோன்றுபவர்களுக்கு மட்டும் இது சரிப்படும்.

உடம்புக்கு முடியாமல் போனால் டாக்டர் உண்டா?

சிலந்தி பார்க்கத் தெரிந்த கால்நடை மருத்துவர் கிடைப்பது அபூர்வம். நம்மால் ஆவது இரண்டு. வாடித் தளர்ந்து கால்கள் அடியில் மடங்க ஆரம்பித்தால் பெரும்பாலும் தண்ணீர்ப் பஞ்சம், வாய் தண்ணீரில் படும்படி மெதுவாகத் தட்டின் விளிம்பில் சாய்த்து வையுங்கள், மூழ்க விடாதீர்கள். விழுந்து வயிற்றில் சின்னக் கசிவு இருந்தால் சோளமாவு வைத்து அடைத்துப் பார்க்கலாம்.

டரான்டுலா வேண்டாம், வித்தியாசமாக வேறு ஏதாவது வளர்க்கலாமா?

நட்சத்திர ஆமை, மண்ணுளிப் பாம்பு, பச்சைக்கிளி மூன்றையும் மறந்துவிடுங்கள். பச்சைக்கிளியை எல்லோரும் வளர்க்கிறார்களே என்பார்கள், நம் நாட்டுக் கிளி எதையும் கூண்டில் வைப்பது குற்றம். நட்சத்திர ஆமை முதல் அட்டவணையில் உள்ளது, 3 முதல் 7 ஆண்டு வரை சிறை. கடையில் விற்கும் சிவப்புக் காது ஆமை ஐந்து ரூபாய் நாணயம் அளவில் அழகாக இருக்கும், வளர்ந்தால் ஒரு அடி வரை வரும், 25 வருடத்துக்கு மேல் இருக்கும், தொட்டி கொள்ளாமல் போனதும் கோயில் குளத்தில் விட்டுவிடுகிறார்கள். அங்கே நம் ஆமைகளின் இடத்தையும் இரையையும் அது பிடித்துக்கொள்கிறது.

இகுவானா ஒன்றரை மீட்டர் வரும், பதிவும் வேண்டும், வெயிலும் வேண்டும், ஃபிளாட்டில் கொடுமை. சுகர் கிளைடர் ஆஸ்திரேலியப் பக்கத்து ராத்திரிப் பிராணி, கூட்டமாக வாழ்வது, தனியாக வைத்தால் ஏங்கி ரோமத்தைப் பிய்த்துக்கொள்ளும், வாழைப்பழமும் பிஸ்கட்டும் கொடுத்தே சுண்ணாம்புச் சத்து இல்லாமல் கால் விளங்காமல் போகும்.

தேள் ஆசை இருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பெரிய கருந்தேளைப் பார்த்துப் பயப்படுவோம், ஆனால் உயிருக்கு ஆபத்து சின்னதான இந்தியச் செந்தேளால்தான், குழந்தைகள் இறந்திருக்கிறார்கள். மகாராஷ்டிரத்தின் மஹாட் ஊரில் மருத்துவர் ஹிம்மத்ராவ் பவாஸ்கர் ரத்த அழுத்தத்துக்கான பிராசோசின் மாத்திரையைக் கொடுத்து அந்தச் சாவுகளை வெகுவாகக் குறைத்துக் காட்டினார். வீட்டில் வளர்க்க அது பொருளே இல்லை.

காசே செலவில்லாமல் ஒன்று சொல்லட்டுமா? ஜன்னல் கம்பியில் தாவும் குதிக்கும் சிலந்தியைக் கவனியுங்கள். அரிசி நீளம்தான் இருக்கும், ஆனால் தலையைத் திருப்பி உங்கள் விரலைப் பார்க்கும், பின்வாங்கும், திரும்ப எட்டிப் பார்க்கும். டரான்டுலாவுக்குக் கண் மங்கல், இதற்கோ நன்றாகவே தெரியும்.

சிங்கப்பூரில் இருக்கிறேன், அங்கே வளர்க்கலாமா?

அங்கே டரான்டுலா வளர்க்க அனுமதியே இல்லை. தேளுக்கும் பாம்புக்கும் அப்படித்தான்.

வீட்டில் சம்மதிக்கவில்லை, ஒளித்து வளர்க்கலாமா?

வேண்டாம். கூட இருப்பவருக்குத் தெரியாமல் வைத்தால், ஒரு நாள் மூடி சரியாகச் சாத்தாமல் போய் அவர் பார்ப்பார், அடிப்பார், அவர் மேல் தப்பே இல்லை. என் மாமியாரிடம் முதலிலேயே சொல்லிவிட்டேன். ஆறு மாதம் ஹாலுக்கே வரவில்லை. பிறகு ஒரு நாள் "அது தண்ணி குடிக்குதுப்பா" என்று கூப்பிட்டுக் காட்டினார். சின்னக் குழந்தை இருக்கும் வீட்டில் பெட்டிக்குப் பூட்டு கட்டாயம், அல்லது குழந்தை வளரும் வரை பொறுங்கள்.

வளர்க்க முடியாமல் போனால் தோட்டத்தில் விட்டுவிடலாமா?

கூடாது. பெரும்பாலும் பட்டினியிலோ எறும்பிலோ சாகும். பிழைத்துக்கொண்டால் அது இன்னும் சிக்கல், அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் மெக்சிகோவின் டரான்டுலா ஒன்று ஆரஞ்சுத் தோப்பில் வளை தோண்டிக் குடும்பம் பெருக்கியது 1990-களிலேயே தெரியவந்தது. வளர்க்கத் தெரிந்த ஒருவரிடம் கொடுங்கள், பதிவு செய்தது என்றால் கைமாறியதைப் பரிவேஷில் தெரிவியுங்கள். எங்கள் வீட்டில் ஒவ்வொரு பெட்டியின் பின்னாலும் ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறேன்: இனத்தின் பெயர், பதிவு எண், கடைசியாகச் சட்டை உரித்த தேதி, கடைசியாகச் சாப்பிட்ட தேதி, அப்புறம் எனக்கு ஏதாவது ஆனால் யாரைக் கூப்பிட வேண்டும் என்று ஒரு நண்பனின் நம்பர்.